கத்தி கையில் – கண்மணி யார் மடியில்?

டாக்டர் வீட்டுக் கவலை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள்! மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தில் விழிக்கக் கூசி, எதிர்ச்சாரியில் ஒதுங்கி நடக்கும் தோழனை நிறுத்தி, "ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் படுகிற பாட்டைக் கொஞ்சம் கேளப்பா" என்றால், அவனுக்குச் சிரிப்புத்தான் வரும். காரிலே வருகிறவர், கை நிறையச் சம்பாதிக்கிறவர், கண்டவர் எழுந்து நின்று கும்பிடும் நிலையிலே இருக்கிறவர் – அவருக்கு என்ன குறை, நாம் போய்க் கண்ணீர் விட?

சிரித்து முடியுங்கள், தோழர்களே! முடித்த பிறகு ஒரு கேள்விக்கு விடை கூறுங்கள்.

நள்ளிரவு. உங்கள் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். ஆட்டோவிலே போட்டுக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுத்தாக வேண்டும் என்கிறார்கள். காகிதத்தை நீட்டுகிறார்கள், கை நடுங்கக் கையெழுத்துப் போடுகிறீர்கள். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே உங்கள் மகன் வயிற்றின்மீது கத்தியை வைக்கிறதே ஒரு கை, அந்தக் கை எத்தனை மணி நேரமாக வேலை செய்துகொண்டிருக்கும் கை? அந்தக் கைக்கு உரியவர் கடைசியாகக் கண்ணயர்ந்தது எப்போது? அவர் பெற்ற பிள்ளை, அந்த நள்ளிரவில், யார் மடியிலே இருக்கிறது?

கேட்டதுண்டா நீங்கள்? கேட்டால் யாரேனும் விடை கூறுவார்களா?

நான் பேசுவது காரிலே வரும் பெரிய டாக்டரைப் பற்றியல்ல. அவர் காலையிலே வருவார், சுற்றிப் பார்ப்பார், போவார். நான் பேசுவது, அவருக்குப் பின்னாலே நோட்டுப் புத்தகமும் கையுமாக நாலைந்து பேர் ஓடுகிறார்களே, அவர்களைப் பற்றி. அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் இளைஞர்கள். படித்து முடித்து உதவியாளர்களாக இருப்பவர்கள். இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்கள். பெயருக்கு மாணவர், உண்மையிலே, பெரிய ஆஸ்பத்திரியின் இரவு முழுதும் இவர்கள் தோளிலே நிற்கிறது.

எட்டு மணி நேர வேலை என்று நாம் முழங்கியவர்கள். 1918-ல் சென்னையிலே தொழிலாளர் சங்கம் கண்டோம். 1923-ல், மே முதல் நாளன்று, சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் தொழிலாளர் திருநாள் கொண்டாடினார். 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது – வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று. 1961-ல் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளருக்கும், பஸ் ஓட்டுகிற தோழனுக்கும், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தார்கள். ஏன் எழுதினார்கள்? ஓட்டுநர் மீது கொண்ட காதலாலா? தூங்கி வழிகிறவன் பஸ் ஓட்டினால் ஐம்பது உயிர் ஆற்றிலே போகும் என்பதால்!

உயிரை ஏற்றிச் செல்பவனுக்கு ஒரு நியாயம். உயிரையே கையிலே ஏந்தி நிற்பவருக்கு?

அவருக்கும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 1992-ல் ஒன்றிய அரசின் சுகாதார இலாகா ஒரு சுற்றறிக்கை விட்டது. பயிற்சி டாக்டர்களுக்குத் தொடர்ந்தாற்போல் 12 மணிக்கு மேல் வேலை கூடாது. வாரத்துக்கு 48 மணி. சுழற்சி முறையிலே வாரம் ஒரு நாள் ஓய்வு. படிக்க இனிக்கிறது! ஆனால் கூடவே இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள்: "இயல்பாக", "வேலை நெருக்கடிக்கு உட்பட்டு" என்று. எந்த ஆஸ்பத்திரியிலே, எந்த நாளிலே, தோழர்களே, வேலை நெருக்கடி இல்லாமலிருந்தது? வாசலைத் திறந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன் என்கிற கதைதான் இது. முப்பது ஆண்டு கழித்து, 2023-ல், தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை எழுதியபோது, எண்ணையும் எடுத்துவிட்டார்கள். "நியாயமான நேரம்" வேலை, "நியாயமான நேரம்" ஓய்வு! எது நியாயம்? யார் சொல்லும் நியாயம்? ஆலை முதலாளியிடம் போய், "கூலி எவ்வளவு?" என்று கேட்டு, "நியாயமான கூலி" என்று அவர் பதில் சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வருவோமா நாம்?

2024 ஆகஸ்டிலே கல்கத்தாவில் ஓர் இளம் பெண் டாக்டருக்கு நேர்ந்த கொடுமையை நாடறியும். நெஞ்சு நோய் மேற்படிப்பு மாணவி. 36 மணி நேர டூட்டியின் நடுவிலே, தலைசாய்க்க இடமில்லாமல் கூட்ட அறையிலே கண்ணயர்ந்தவர். நாடே கொதித்தது, நீதி கேட்டது, கேட்டது சரி. ஆனால் அந்த 36 மணி நேரத்தைப் பற்றி எத்தனை பேர் கேட்டார்கள்? அதே ஆண்டு, மருத்துவ ஆணையம் அமைத்த குழு ஒன்று, பயிற்சி டாக்டர்களின் மனநலத்தை ஆராய்ந்து, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று பரிந்துரை செய்தது. 1992-ல் 48, 2024-ல் 74! குறைக்கச் சொன்ன குழுவே 74-ல் நின்றது என்றால், நடப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கம் கெட்டால் என்ன, இளம் ரத்தம் தாங்கும் என்பார் சிலர். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் 1997-ல் சோதித்துப் பார்த்தார்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் மூளையும், ரத்தத்திலே 0.05 விழுக்காடு சாராயம் ஏறியவரின் கையும் மூளையும் போல்தான் வேலை செய்கின்றன. ஓர் இரவு முழுதும் விழித்தால் நிலைமை அதைவிட மோசம். நம் நாட்டிலே வண்டி ஓட்டுகிறவருக்கு 0.03-க்கு மேலே போனால் வழக்கு, அபராதம். குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவனைப் பிடிக்கச் சாலைக்குச் சாலை போலீஸ். தூங்காமல் கத்தி பிடிப்பவரை மட்டும், "தியாகி" என்று தட்டிக்கொடுத்து அடுத்த ஆபரேஷனுக்கு அனுப்புகிறோம்!

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலே பால்டிமோர் என்று ஒரு நகரம். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறக்கப்பட்டது. அறுவைத் துறையின் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். கைதேர்ந்த மேதை, ஐயமில்லை. அவர்தான், பயிற்சி பெறும் டாக்டர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், இரவும் பகலும் அழைத்தபோது வர வேண்டும், கல்யாணம் கில்யாணம் என்று பேசக் கூடாது என்று முறை வகுத்தவர். இன்றும் பயிற்சி டாக்டரை "ரெசிடெண்ட்" – குடியிருப்பவர் – என்கிறார்களே, அந்தப் பெயர் அங்கே பிறந்ததுதான். அந்த மேதை, மரத்துப்போகும் மருந்தாகக் கொக்கெயினைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கப்போய், அதற்கே அடிமையானவர், பிறகு மார்பின். பிள்ளை குட்டி கிடையாது. ஆபரேஷன் அறையிலே வேலை பார்த்த கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கைகள் கிருமிநாசினியால் வெந்துபோவதைக் கண்டு, ரப்பரிலே கையுறை செய்து தரச் சொன்னார். இன்று உலகம் முழுதும் ஆபரேஷன் கையுறை வழக்கத்துக்கு அதுவும் ஒரு தொடக்கம். 1890-ல் அந்த அம்மையாரையே மணந்தும்கொண்டார். மணந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டார்! கைக்கு உறை கண்டுபிடித்தவருக்கு, வேலையும் வீடும் ஒரு பெண்ணுக்குச் சேர்ந்திருக்க வழி கண்டுபிடிக்கத் தோன்றவில்லை.

பிள்ளையில்லாத ஒருவர், தூக்கமில்லாமல் வகுத்த முறை. அதிலேதான் இன்று பால் குடிக்கும் பிள்ளையை வீட்டிலே விட்டு வந்த தாய் நிற்கிறாள்.

அமெரிக்காவிலேயே அது நொறுங்கத் தொடங்கியது. 1984-ல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், விடிவதற்குள் பிணமானாள். ஓய்வின்றி உழைத்த பயிற்சி டாக்டர்களின் கையிலே இருந்தாள் என்று தந்தை வழக்காடினார், எழுதினார், ஓயவில்லை. 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு கட்டியது. 2003-ல் நாடு முழுதும் அதே வரம்பு. ஐரோப்பாவிலே 48. எண்பதும் கொடுமைதான், ஆனாலும் எண் ஒன்று இருக்கிறது, மீறினால் கேட்க இடமிருக்கிறது. இங்கே "நியாயம்" மட்டும் இருக்கிறது.

இனிக் குழந்தைக்கு வருவோம்.

கணக்கொன்று போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது வயது 18. மருத்துவப் பட்டத்துக்கு, பயிற்சியோடு சேர்த்து, ஐந்தரை ஆண்டு. மேற்படிப்புத் தேர்வுக்கு ஓராண்டு படித்தால் வயது 24, 25. அறுவைப் படிப்பு மூன்றாண்டு: 28. இதயம், மூளை, சிறுநீரகம் என்று தனித்துறை போனால் மேலும் மூன்றாண்டு: 31. தனித்துத் தொழில் செய்யும் தன்னம்பிக்கை வர இன்னும் சில ஆண்டு. பெண் பிள்ளை பெறுவதற்கு ஏற்ற ஆண்டுகள் என்று மருத்துவ நூலே கூறும் ஆண்டுகள் எவையோ, அவை முழுதும் ஆபரேஷன் மேசையருகே கழிகின்றன. படிப்பு நடுவே பெற்றால், விடுப்பு எடுத்த காலத்துக்குப் படிப்பு நீளும். "எங்கள் தலையிலே டூட்டி விழுகிறது" என்று உடன் படிப்பவர்களே முணுமுணுப்பார்கள். ஒருவர் போனால் ஈடு செய்ய ஆள் போடாதவன் இலாகா. பழி விழுவது பிள்ளை பெற்றவள் மீது! படித்து முடித்துப் பெறலாம் என்றால், பிள்ளை தங்குமா என்ற கவலை.

கவலை வெறும் கற்பனையல்ல. 2021-ல் அமெரிக்காவிலே பெண் அறுவை மருத்துவர் 692 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் 42 விழுக்காட்டினர் கருவை இழந்திருந்தார்கள். பொதுமக்களிடம் உள்ளதைப் போல இரு மடங்குக்கும் மேல். நிறைமாதத்துக்கு முந்தைய மூன்று மாதத்திலே, வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆபரேஷன் செய்தவர்களுக்கு, பேறுகாலச் சிக்கல் அதிகம் என்றும் கண்டார்கள். நின்ற நிலை. நீர் குடிக்கப் போக முடியாது, நீர் கழிக்கப் போக முடியாது. எலும்பு ஆபரேஷன் என்றால் எக்ஸ்ரேக் கதிருக்கு எதிரே ஈயக் கவச மேலங்கி. கருவைச் சுமக்கும் உடம்பு, ஈயத்தையும் சுமக்கிறது. கதிரடிக்கும் சுரங்கத்திலே ஒரு கர்ப்பிணித் தொழிலாளியை நிறுத்தினால் நாம் கொடி பிடிப்போம்!

முன்பெல்லாம் பெண்கள் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலே 1875-ல் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், வழக்கறிஞரின் மனைவி, மூன்று குழந்தைகளின் தாய். 1878-ல் தேறி, இலண்டன் சென்று பட்டம் பெற்று, 1883-ல் திரும்பி, 1885-ல் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக நிற்கிறதே, அதற்கு வித்திட்டார். 1888-ல் இலண்டன் பல்கலைக் கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதற்பெண் அவர்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே உடல் நலிந்து சென்னையை விட்டுப் போக வேண்டியதாயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் தேறினார். 1914-ல் மணம். என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு, ஒப்புக்கொண்ட பிறகே டாக்டர் சுந்தர ரெட்டிக்குக் கழுத்தை நீட்டினார்! இரண்டு ஆண்மக்களை வளர்த்தார், சட்டமன்றம் சென்றார், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார்.

பெருமைப்படுவோம். ஆனால் இவர்களைக் காட்டி, "பார், அவர்களால் முடிந்ததே" என்று இன்றையப் பெண்ணை மிரட்டுவது அயோக்கியத்தனம். ஷார்லீப்புக்கு வழக்கறிஞர் கணவன் வருமானம் இருந்தது. முத்துலட்சுமிக்கு டாக்டர் கணவனும் நிபந்தனையும் இருந்தன. மூட்டை தூக்கும் முனியனின் மகளுக்கு என்ன இருக்கிறது?

இங்கேதான், தோழர்களே, விஷயம் நம் வீட்டுக்கு வருகிறது. 2020-ல் தமிழகத்திலே, அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. அன்று முதல் கூலிக்காரன் மகளும், கட்டடத் தொழிலாளி மகனும், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். முதல் அணியினர் படிப்பை முடிக்கும் காலம் இது. அந்தப் பெண் நாளைக்கு, "நான் அறுவை மருத்துவராக வேண்டும்" என்பாள். 36 மணி நேர டூட்டி. பிள்ளை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆயா வைக்கப் பணமில்லை. அம்மா வந்து பார்த்துக்கொள்வாளா? அம்மா சித்தாள் வேலைக்குப் போனால்தான் அங்கே அடுப்பு எரியும். ஆக, அவள் என்ன செய்வாள்? கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வேறு துறை போதும், பகல் வேலை போதும்" என்பாள். ஒதுக்கீட்டிலே திறந்த கதவை, ஓய்வில்லா டூட்டி வந்து ஓசைப்படாமல் சாத்தும். வீட்டிலே ஆளும் பேரும் காசும் உள்ளவர்கள் வீட்டுப் பிள்ளைகளே கத்தி பிடிப்பார்கள்.

இதை நான் கண்ணாலும் கண்டேன். மாவட்டத் தலைநகர் ஒன்றிலே, கழனிக்காரத் தோழர் ஒருவருக்குக் குடலிலே ஓட்டை. இரவு இரண்டு மணி. ஆபரேஷன் முடித்து வெளியே வந்த பெண் டாக்டர், கை உறையைக் கழற்றுமுன்னே, நர்ஸ் செல்போனைக் காதிலே வைத்துப் பிடித்தார். "அஞ்சு மில்லி கொடுங்கம்மா... இல்லே, அது பெரிய பாட்டில், சின்னது ஃபிரிட்ஜ் கதவிலே இருக்கு... ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்க... முழிச்சுக்கிட்டானா? அழறானா?" அவ்வளவுதான். எங்கள் பக்கம் திரும்பினார். "உசுருக்குப் பயமில்லே. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் தண்ணி கொடுக்காதீங்க" என்றார். அடுத்த கேஸ் காத்திருந்தது. நாங்கள் கும்பிட்டோம். அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை.

மறந்துவிடாதீர்கள் – அங்கே ஆண் டாக்டர் ஒருவரும் இருந்தார். அவருக்கும் கைக்குழந்தை உண்டு என்று பிறகு அறிந்தேன். அவரை யாரும், "பிள்ளையை யாரிடம் விட்டு வந்தீர்கள்?" என்று கேட்கவில்லை; கேட்கவும் மாட்டார்கள். பிள்ளை அவருடையதும்தானே! வாரத்திலே இருமுறை தூங்கும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிற தகப்பனுக்கு, அந்தப் பிள்ளை ஒருநாள் "மாமா" என்று அழைத்தால் வலிக்காதா? வலிக்கும். ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் ஆண்பிள்ளை இல்லையாம்! அந்த வாய்ப்பூட்டை முதலிலே உடைக்க வேண்டியவர்கள் ஆண் டாக்டர்கள். "எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், என் பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டும்" என்று அவர்கள் சங்கத்திலே எழுந்து பேசினால், பெண்ணுக்குச் சலுகை என்று பேசுவோர் வாய் தானே அடையும்.

இன்னொருத்தியும் இருக்கிறாள். டாக்டரம்மா வீட்டிலே பிள்ளை பார்க்கும் ஆயா. தன் பிள்ளையைத் தெருவிலே விட்டுவிட்டு வந்து இந்தப் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறவள். ஆபரேஷன் அறையைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி, அவளுக்கும் கைக்குழந்தை. டாக்டருக்குக் கேட்கும் போது இவர்களை விட்டுவிட்டுக் கேட்டால் அது கேட்பே அல்ல.

தமிழக அரசு 2021-ல் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஓராண்டாக உயர்த்தியது, நல்ல காரியம். 2017-ல் வந்த திருத்தச் சட்டம், 26 வார விடுப்பு என்றும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது, அதுவும் நல்லதே. ஆனால் விடுப்பு முடிந்த மறுநாள் இரவு டூட்டி என்றால்? காலை ஒன்பது மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற காப்பகம், இரவு இரண்டு மணிக்கு ஆபரேஷன் செய்பவளுக்கு எதற்கு?

அடுத்த முறை, கட்சித் தோழரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் அல்லவா? வார்டுக்குப் போகுமுன் அலுவலகத்திலே நின்று, மரியாதையாக, மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே பயிற்சி டாக்டர்களின் டூட்டிப் பட்டியல் எந்தப் பலகையிலே ஒட்டியிருக்கிறது? ஒருவர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் என்று அதிலே எழுதியிருக்கிறதா? குழந்தைகள் காப்பகம் எந்தக் கட்டடத்திலே இருக்கிறது, அது இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடமுண்டா? கிடைக்கிற பதிலைக் கிளைக் கூட்டத்திலே எழுதி வையுங்கள்.